மருமகனுக்கு ஒரு புராசஸர்

2018 கோடையில் என் அக்கா மகன் கம்ப்யூட்டர் கேட்டான். படிப்புக்கு என்று சாக்குச் சொல்லவில்லை. "கேம் விளையாடணும் மாமா, திக்காம ஓடணும்" என்றான். அந்த நேர்மைக்காகவே அவனுக்கு உருப்படியாக ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பிளஸ் ஒன்னுக்கு முதன்முறையாகப் பொதுத்தேர்வு வைத்த வருஷம் அது. பரீட்சை முடிந்த கையோடு ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதி வைத்திருந்தான்: ஜிடிஏ 5, கவுன்டர் ஸ்டிரைக், ஃபிஃபா. பட்டியலுக்கு மேலே பெரிய எழுத்தில் 'ஐ7' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

ஐ7 என்று யார் சொன்னது என்று கேட்டேன். தெருவில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்களாம்.

கப்பல் ஏஜென்சி ஆபீஸ்களிலும் உப்பு வியாபாரிகள் கணக்கு எழுதுகிற இடங்களிலும் சிஸ்டம் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். புராசஸர் எது நல்லது என்ற கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். நான் எப்போதும் திருப்பிக் கேட்பது: எந்த மானிட்டரில் பார்க்கப் போகிறீர்கள்? கேட்டவர் முகம் மாறிவிடும், பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்து. ஆனால் புராசஸரைத் தேர்ந்தெடுப்பது அங்கேதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கோடையில் என் மருமகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டதில் அது இன்னும் உறுதிப்பட்டது.

அக்காவுக்கு நியாயமான கேள்வி ஒன்று இருந்தது. "பிளஸ் டூ படிச்சா கவர்மென்டே லேப்டாப் தருதுல்லா தம்பி? பொறவு எதுக்கு இது தனியா?" 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் எங்கள் கடற்கரையில் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் நுழைந்தது. அதில் பாடமும் படித்தார்கள், வைஸ் சிட்டியும் விளையாடினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அது படிப்புக்காகத் தயாரான மெஷின். லேப்டாப்பில் புராசஸரும் கிராபிக்ஸும் பெரும்பாலும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. நாளைக்குக் கையில் காசு வந்தாலும் பிடுங்கிவிட்டு வேறொன்று போட முடியாது. மேசைக் கம்ப்யூட்டரில் முடியும். அதை அக்காவுக்கு விளங்கச் சொன்னேன். "இப்ப கொஞ்சம், பொறவு கொஞ்சமா கூட்டிக்கிடலாம்" என்றதும் சம்மதித்தாள். சீட்டுப் போட்டே வீடு நடத்துகிறவளுக்கு அது பிடிபடாமல் போகுமா!

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அந்த இரண்டு மாதம் வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவரும் மீனுக்கும் கணவாய்க்கும் நல்ல விலை கிடைக்கும். அத்தான் வள்ளத்தில் போகிறவர். அந்தத் தடைக்கால வருமானத்தில் ஒரு பங்கும் அக்காவின் சீட்டுப் பணமும் சேர்த்து 35,000 ரூபாய். மானிட்டர், கீபோர்டு, மௌஸ் எல்லாம் அதற்குள். ஐ7 அங்கேயே அடிபட்டுப் போனது. ஆனால் மருமகனிடம் 'காசில்லை' என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. காசு இருந்தாலும் அவன் கேட்கிற வேலைக்கு ஐ7 தேவையில்லை என்பதை அவனே கண்டுகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் கிகாஹெர்ட்ஸ். பெரிய எண் இருந்தால் வேகம் அதிகம் என்று அவன் நம்பியிருந்தான். நான் பிரவுசிங் சென்டர்களில் அலைந்த நாளில் நாங்களும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். பென்டியம் 4, 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்த சீட்டுக்குப் போட்டி நடக்கும். 2006இல் கோர் 2 டுவோ வந்தது. அதன் சிறிய மாடல் 1.86 கிகாஹெர்ட்ஸ்தான். பென்டியம் 4இன் எண்ணில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத அது, அதை எளிதாகத் தாண்டியது. ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை முடிகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். துடிப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். ஒரே குடும்பத்துச் சிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும்தான் கிகாஹெர்ட்ஸ் உதவும்.

அடுத்தது கோர். 2018இல் வந்துகொண்டிருந்த விளையாட்டுகள் நான்கு இழைகளையாவது (த்ரெட்) எதிர்பார்த்தன. 2017 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் ஜி4560 இரண்டு கோரில் நான்கு இழை ஓட்டியது. விலை 64 டாலர். சிக்கனமாக கேம் கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்களுக்கு அந்த வருஷம் முழுக்க அதுவே பேச்சாக இருந்தது, அதில் தவறும் இல்லை. ஒரே நிபந்தனை: கூடவே ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். பென்டியத்துக்குள்ளேயே இருந்த எச்டி 610 கிராபிக்ஸ் படம் பார்க்கவும் டாலியில் பில் போடவும் போதும். ஜிடிஏ 5ஐ அதனால் இழுக்க முடியாது.

கார்டு வாங்கலாம் என்றால் அப்போது உலகமே கார்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. 2017 கடைசியிலிருந்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுகிறவர்கள் நல்ல கார்டுகளை மொத்தமாக அள்ளிப் போனதில், மீதி இருந்தவற்றின் விலை ஏறிக் கிடந்தது. ராம் விலையும் அதே காலத்தில் உச்சத்தில். விளையாடப் பிரியப்படுகிற ஒரு பையன் கம்ப்யூட்டர் வாங்க அதைவிடக் கெட்ட காலம் அமைந்திருக்காது. என் வாடிக்கையாளர் ஒருவர், கார்டே வாங்காமல் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லுங்கள் என்றார். பதினாறு வயதுப் பையனிடம் ஒரு வருஷம் என்பது எவ்வளவு பெரியது என்று அவருக்கு மறந்துவிட்டது.

அந்த நெருக்கடிக்குள் ஒரு நல்ல வாசல் திறந்தது. 2018 பிப்ரவரி 12 அன்று ஏஎம்டி இரண்டு சிப்புகளை வெளியிட்டது: ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி. முதலாவது 99 டாலர், இரண்டாவது 169 டாலர். நான்கு ஜென் கோர்களோடு வேகா கிராபிக்ஸும் ஒரே சில்லில். தனிக் கார்டே இல்லாமல், என்விடியாவின் சிறிய கார்டான ஜிடி 1030க்குப் பக்கத்தில் வந்து நிற்கும் அளவுக்குப் படம் வரைகிற சிப்பு 99 டாலருக்கு என்பது அதுவரை நடக்காத காரியம். கார்டு விலை உயர்ந்து கிடந்த அந்த மாதங்களில் அது எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது, இன்றும் அப்படியே நினைக்கிறேன். சிறு வருமானக்காரர்களை மனதில் வைத்து எப்போதாவதுதான் இந்தத் தொழில் ஒரு பொருளைச் செய்கிறது.

இதற்குப் போட்டி இன்டெலின் கோர் ஐ3 8100. அதற்கும் நான்கு கோர், 3.6 கிகாஹெர்ட்ஸ். கணக்கு வேலையில் 2200ஜியைவிடச் சில இடங்களில் ஒரு படி மேல் என்றே சொல்வேன். கார்டு வாங்கப் பணம் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்திருப்பேன். ஆனால் அதன் உள்ளே இருந்த யுஎச்டி 630 கிராபிக்ஸ், 2200ஜியில் இருந்த வேகா 8க்கு வெகு தூரம் பின்னால். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஐ3 8100இன் சாக்கெட் பெயர் 1151. முந்தின இரண்டு தலைமுறைக்கும் அதே பெயர்தான், அதே எண்ணிக்கைத் தொடர்புகள்தான். இருந்தும் பழைய போர்டில் அது ஓடாது. எங்கள் ஊர்க் கடைகளில் பழைய போர்டுகள் மலிவாகக் கிடந்தன. பெயரைப் பார்த்து இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டு, திரை இருட்டாக நிற்கிறதே என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மானிட்டருக்கு வருகிறேன், எல்லாவற்றையும் முடிவு செய்தது அதுதான். அன்றைக்கு 20 அங்குலம் வரைக்குமான மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 28. 32 அங்குலம் வரை 18ஆகக் குறைத்தது 2019 பிறந்த பிறகு. மருமகன் 22 அங்குலம் கேட்டான். விலை வித்தியாசத்தோடு வரி வித்தியாசமும் சேர்ந்து கணக்கை உடைத்தது. 18.5 அங்குலத்தில் நின்றோம். அவன் முகம் வாடிவிட்டது. நோட்டை எடுத்து அவனையே பெருக்கச் சொன்னேன். பெரிய மானிட்டர் 1920க்கு 1080: 20,73,600 புள்ளிகள். சின்னது 1366க்கு 768: 10,49,088 புள்ளிகள். பாதி. ஒரு நொடிக்கு அறுபது தடவை இத்தனை புள்ளிக்கும் நிறம் தீட்ட வேண்டியது கிராபிக்ஸின் வேலை. மானிட்டர் சிறுத்தால் அந்த வேலை பாதியாகக் குறைகிறது. 22 அங்குலத்தில் மூச்சு வாங்கும் சிப்பு, 18.5இல் தாராளமாக ஓடும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப சின்ன டிஸ்பிளேன்னா கேம் நல்லா ஓடுமா மாமா?" என்று கேட்டான். அந்த நிமிஷத்தில் 'ஐ7' அவன் நோட்டிலிருந்து போய்விட்டது.

2400ஜியா 2200ஜியா என்பதில் இன்னொரு பேச்சு நடந்தது. இரண்டும் ஒரே சில்லு என்று சொன்னேன். கிட்டத்தட்ட 500 கோடி டிரான்சிஸ்டர் கொண்ட ஒரே வடிவம். பெரியதில் 11 கிராபிக்ஸ் பகுதிகளும் எட்டு இழைகளும் திறந்திருக்கும். சின்னதில் எட்டுப் பகுதிகள், நான்கு இழைகள், மற்றவை மூடப்பட்டிருக்கும். உடனே கேட்டான்: "அப்ப இது கெட்டுப்போன மாலா?"

அதற்கு நான் எங்கள் தாத்தாவைத்தான் துணைக்கு அழைத்தேன். எங்கள் தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல். தாத்தா அந்தக் காலத்து ஆள், முத்துப் பார்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்வார். சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்த பிறகு, துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் போட்டுச் சலிப்பார்களாம். ஒவ்வொரு தட்டிலும் துளை அளவு வேறு. எந்தத் தட்டில் தங்குகிறதோ அந்த வகுப்பு, அந்த விலை. கீழ்த் தட்டுக்கு இறங்கிய முத்தும் முத்துதான். அதைக் கெட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிப்பும் அப்படித்தான். வார்த்தெடுத்த தகட்டிலிருந்து வெட்டிய ஒவ்வொரு சில்லையும் சோதிப்பார்கள். எல்லாப் பகுதியும் சரியாக வேலை செய்வது ஒரு வகுப்பு. ஒரு மூலையில் குறை இருந்தால் அந்த மூலையை மூடிவிட்டு அடுத்த வகுப்பில் விற்பார்கள். சில நேரம் குறையே இல்லாவிட்டாலும், மலிவு வகுப்புக்குக் கேட்பு அதிகம் என்பதால் மூடி விற்பதும் உண்டு. திறந்திருக்கிற எட்டும் முழுதாக உழைக்கும். அவனுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் 70 டாலர் வித்தியாசத்தை ராமில் போடுவது மேல் என்று பட்டது.

இதெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாட்களுக்கு நடுவே மே 22 வந்தது. ஊரில் நடந்துகொண்டிருந்த ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன கூட்டம், துப்பாக்கிச் சூடு. 13 பேர் போனார்கள். நாங்கள் இருக்கும் திரேஸ்புரத்திலேயே ஒரு பெண் குண்டு பட்டுச் செத்தார். மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். தெருவில் பேச்சு அற்றுப் போனது. வள்ளங்கள் கரையில் கிடந்தன. மருமகன் நோட்டைத் தொடவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. ஜூன் பாதிக்கு மேல் அக்காதான் ஆரம்பித்தாள்: "அவன் வெளிய போவாம வீட்ல இருந்தா எனக்கு நிம்மதி தம்பி. அத வாங்கிக் குடுத்துரு." எதற்காகக் கம்ப்யூட்டர் என்ற அவளுடைய கேள்விக்கு அவளே கண்டுபிடித்த பதில் அது. நான் சொன்ன எந்தப் பதிலும் அவ்வளவு கனமாக இல்லை.

எங்கள் ஊர்க் கடைகளில் ரைசன் கேட்டால் ஆர்டர் போட வேண்டும் என்றார்கள். ஆபீஸ்களுக்கு எது போகுமோ அதைத்தான் அவர்கள் வாங்கி வைப்பார்கள். அது வியாபாரம், தவறில்லை. எனக்குச் சென்னையில் வேறு வேலை இருந்தது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துக்குச் சந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள். நடக்க இடமிருக்காது. அங்கே விலை கேட்பதற்கு முன்னால் எதை வாங்க வந்தோம் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் வாயிலிருந்து வருவது நம் வீட்டுக்கு வந்துவிடும்.

நான் எழுதி வைத்திருந்ததில் இரண்டு விஷயத்துக்கு அடிக்கோடு. ஒன்று, போர்டு அட்டைப்பெட்டியின் மேல் 'ரைசன் டெஸ்க்டாப் 2000 ரெடி' என்ற சிறு ஸ்டிக்கர். பிப்ரவரிக்கு முன் தயாராகிக் கடைக்கு வந்துவிட்ட பி350, ஏ320 போர்டுகளுக்கு இந்தப் புதுச் சிப்பைத் தெரியாது. பயாஸைப் புதுப்பித்தால்தான் உயிர் வரும். புதுப்பிக்க வேண்டுமானால் போர்டு ஓட வேண்டும், ஓடவோ அது அறிந்த ஒரு பழைய சிப்பு வேண்டும். இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏஎம்டியே ஒரு சிறிய புராசஸரை இரவல் அனுப்பி உதவியது. திரேஸ்புரத்தில் உட்கார்ந்துகொண்டு இரவலுக்குக் காத்திருக்க முடியாது என்பதால் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி கிடைக்கும்வரை கடை கடையாக ஏறினேன்.

இரண்டாவது, ராம். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் பலர் பணத்தை இழப்பது இங்கேதான். தனிக் கார்டில் அதற்கென்று வேகமான நினைவகம் இருக்கும். சிப்புக்குள் இருக்கிற கிராபிக்ஸுக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரின் ராமைத்தான் அதுவும் பயன்படுத்த வேண்டும். 2400 வேகமுள்ள டிடிஆர்4 ராம் ஒன்று போட்டால் நொடிக்கு 19.2 ஜிபி போக்குவரத்து. அதே ராமை இரண்டாகப் போட்டால் இரண்டு வழியும் திறந்து 38.4 ஜிபி. 2200ஜி ஏற்றுக்கொள்கிற 2933 வேகத்தில் இரண்டு போட்டால் 47க்குப் பக்கம். ஆக 8 ஜிபியை ஒரே துண்டாக வாங்குவதற்கும் நாலு நாலாக இரண்டு துண்டு வாங்குவதற்கும் கொள்ளளவில் வித்தியாசம் இல்லை. விளையாட்டில் வித்தியாசம் மிகப் பெரியது. ஒற்றைத் துண்டு போட்ட 2200ஜி, தன் கிராபிக்ஸ் பலத்தில் கணிசமான பங்கை வீணாக வைத்திருக்கும்.

கடைக்காரர் ஒற்றைத் துண்டையே எடுத்து வைத்தார். "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் சார், ஸ்லாட் காலியா இருக்கும்" என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அவர் சொல்வது சரியான யோசனை, நானும் அதையே சொல்வேன். கார்டு இல்லாத கேம் கம்ப்யூட்டருக்கு அது ஆகாது. இரண்டு துண்டு, 2933க்குக் குறையாத வேகம் என்று சீட்டைக் காட்டினேன். கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆனது. அந்தக் கூடுதலைப் போலப் பலன் தந்த செலவு அந்த 35,000 ரூபாயில் வேறில்லை.

இதே விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜிடி 1030 கார்டு 2017இல் வந்தபோது அதன் நினைவகம் நொடிக்கு 48 ஜிபி தந்தது. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் வைத்த இன்னொன்று வந்தது. அது தந்தது 16.8 ஜிபி. பெயர் ஒன்று, பெட்டி கிட்டத்தட்ட ஒன்று, வேகம் மூன்றில் ஒரு பங்கு. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்காதவர் பாடு அவ்வளவுதான். கார்டு வாங்கப் போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதை.

திரும்பி வரும்போது சிப்புப் பெட்டியைப் பையில் துணிகளுக்கு நடுவே வைத்து, பெர்த்தில் தலைமாட்டில் கிடத்திக்கொண்டேன். இன்டெல் சிப்புக்குக் கீழே வெறும் தங்கப் பொட்டுகள்தான், கம்பிகள் போர்டில் இருக்கும். நான் வாங்கிய ஏஎம்டி சிப்பு ஏஎம்4 சாக்கெட்டுக்கானது; அதில் 1331 கம்பியும் சிப்பிலேயே. ஒன்று வளைந்தாலும் உட்காராது.

வீட்டில் அசெம்பிள் பண்ணும்போது மருமகனையே செய்ய விட்டேன். சிப்பின் மூலையில் இருக்கும் சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தான். அழுத்தவே கூடாது, தன் எடையில் இறங்க வேண்டும். இறங்கியது. கூடவே வந்த ஃபேனின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தது, நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக்குறுக்காகச் சிறிது சிறிதாக முடுக்கச் சொன்னேன். அத்தான் வலையை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்ட ஒரே கேள்வி: "மாப்ள, இது கரண்டு எம்புட்டு இழுக்கும்?" சிப்பு 65 வாட், எல்லாம் சேர்ந்து விளையாடும்போதும் 100 வாட்டைச் சுற்றித்தான் என்றேன். நம் சீலிங் ஃபேன் 75. தலையாட்டினார். டீசல் கணக்குப் பார்த்தே கடலுக்குப் போகிறவர், மெஷின் எது என்றாலும் முதலில் அதன் தீனியைத்தான் கேட்பார். அவர் கேட்டது சரியான கேள்வி. ஐ7ஐயும் பெரிய கார்டையும் வைத்திருந்தால் அந்தப் பதில் மூன்று மடங்காகியிருக்கும், அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ், அதற்கேற்ற யுபிஎஸ் என்று செலவு கிளை விட்டிருக்கும்.

யுபிஎஸ் கட்டாயம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். 1,050 மெகாவாட் அனல் மின் நிலையத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு 2012இல் நாளில் பாதி நேரம் கரண்டு இல்லாமல் கிடந்தவர்கள் நாங்கள். 2018இல் அந்த நிலை இல்லை. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்று மழையோடு விட்டு விட்டு வரும் கரண்டு போர்டுகளைத் தின்றுவிடும்.

உப்புக்காற்று அதைவிடப் பெரிய எதிரி. கடலிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். இரும்பு ஜன்னல் கம்பி சில வருஷத்தில் உரிந்து வரும். அந்தக் காற்றைத்தான் கம்ப்யூட்டரின் ஃபேனும் உள்ளே இழுக்கிறது. ராமின் தங்கத் தொடர்புகளில் மங்கல் ஏறும், கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் பீப் சத்தம் போடும். கழற்றிப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினால் உயிர் வரும். என் தொழிலில் இந்த ஊரில் பாதி சர்வீஸ் இந்த ரப்பர்தான். சூடு குறைந்த சிப்புக்கு ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும், மெதுவாகச் சுற்றும் ஃபேன் குறைந்த காற்றையே இழுக்கும். கடற்கரை வீட்டுக்கு 65 வாட் சிப்பு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்தக் காரணமும் சேர்ந்தது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி, உள் அறைச் சுவரோரம் வைத்தோம்.

பயாஸில் கிராபிக்ஸுக்கென்று 2 ஜிபி ராமை ஒதுக்கினேன், ராமின் முழு வேகத்தையும் அங்கேயே திறந்துவிட்டேன். இதைச் செய்யாமல் விட்டால் 2933க்குக் காசு கொடுத்துவிட்டு அதற்குக் கீழான வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்போம். ஜிடிஏ 5 அந்தச் சின்னத் திரையில், நடுத்தர அமைப்பில், திக்காமல் ஓடியது. மருமகன் விளையாடவே மறந்து, காரை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த ஊரின் கடற்கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அலை நல்லா வரைஞ்சிருக்கான் மாமா, ஆனா கரையில ஒரு வள்ளங்கூட இல்ல" என்றான். தெருப் பையன்கள் அன்று சாயங்காலமே வந்து வாசலில் குவிந்தார்கள். அக்கா திட்டிக்கொண்டே எல்லாருக்கும் டீ போட்டாள்.

ஏஎம்4 சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. 2020 வரை அதே சாக்கெட்டில் புதுச் சிப்புகள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருந்தது. கம்பெனிகள் சொல்வதையெல்லாம் நம்பி வாங்கக் கூடாது என்று என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறவன் நான். இதில் மட்டும் நம்பினேன், சொன்னதைவிடக் கூடுதலாகவே நடந்தது. 2022இல் பி350 போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பயாஸ் வந்தது. அதற்குள் மருமகன் டிப்ளமா முடித்து வேலைக்குப் போயிருந்தான். தன் சம்பளத்தில் 22 அங்குல மானிட்டர் வாங்கினான். அதன் பிறகுதான் கார்டைப் பற்றிப் பேசினான், அதன் பிறகுதான் புராசஸரை. அந்த வரிசையில் அவன் யோசித்ததைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அவனிடம் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தோண்டும் முறையையே கைவிட்டது. அதன்பின் கார்டு விலை இறங்கி மனிதர்கள் தொடும் அளவுக்கு வந்திருந்தது. ரைசன் 5 5600 என்று முடிவு செய்தான்: ஆறு கோர், பன்னிரண்டு இழை, அதுவும் 65 வாட்.

பயாஸைப் புதுப்பிக்க ஆரம்பித்தால் முடியும்வரை கரண்டு போகக் கூடாது; நடுவில் போனால் போர்டு செத்த மாதிரிதான். யுபிஎஸ் பேட்டரியை மாற்றிவிட்டு, மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். பழைய 2200ஜியை வைத்தே புதுப்பித்து, பிறகு கழற்றினான். கம்பி ஒன்றும் வளையவில்லை, போர்டில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் துருப்பிடித்து இறுகிவிட்டிருந்தது. அதை எடுக்கத்தான் நேரமானது. புதுச் சிப்பு முதல் தடவையிலேயே எழுந்தது.

கழற்றிய 2200ஜியை விற்கலாமா என்று கேட்டான். ஏ320 போர்டு ஒன்று என்னிடம் பழையதாகக் கிடந்தது, அந்தப் பழைய ராம் இரண்டையும் 18.5 அங்குல மானிட்டரையும் சேர்த்தால் ஒரு முழு கம்ப்யூட்டர் ஆகிவிடும் என்றேன். வேகா 8க்கும் அந்தத் திரைக்கும் இன்னும் கணக்கு ஒத்துப்போகிறது. பக்கத்துத் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்திக்கு அதைச் சேர்த்துக் கொடுத்தான். எஸ்எம்பிஎஸ் மட்டும் புதுசு வாங்கச் சொன்னேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சிக்கனம் பிடிப்பது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லை.